பில்லிங் கவுன்டர் எந்தக் குழு?

திங்கட்கிழமை காலை எட்டு பத்து. ஞாயிறு முழுக்கக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தவர்களும், வெளியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களும் ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்கிற நேரம். என் போன் அடித்தது. பில்லிங்கில் இருக்கும் அக்கா. "சார், எனக்கு மட்டும் இல்ல, பதினாலு சிஸ்டமும் போச்சு. பில் போட முடியல. சனம் சத்தம் போடுது."

தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நெட்வொர்க் பார்க்கிறேன். சுமார் 640 கணினிகள். பிரின்டர், கேமரா, வருகைப் பதிவு இயந்திரம், லேப் கருவிகள் என்று இன்னொரு 400 சாமான்கள். இவற்றில் எது நம்முடையது, எது வெளியிலிருந்து வந்து செருகியது, எதற்கு எவ்வளவு தூரம் வழி விடலாம் என்று பார்த்து அனுமதிப்பதுதான் என் வேலையில் பெரிய பங்கு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கணினிகள் நன்றாகத்தான் இருந்தன. கேபிள் சரி, கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் விளக்கு எரிகிறது. ஆனால் பதினாலுக்கும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண், வேறொரு வரிசையில் இருந்தது. சந்தேகத்துக்குரிய கணினிகளை ஒதுக்கி வைக்கிற வி-லான் (நெட்வொர்க்குக்குள் தனியாகத் தடுத்த ஒரு பகுதி) ஒன்று வைத்திருந்தோம், அதன் முகவரி வரிசை. சனிக்கிழமை மாலைதான் 'நிர்வாகம்' என்ற கணினிக் குழுவுக்கு ஏஜென்ட்டின், அதாவது கணினிக்குள் இருந்து அதன் ஆரோக்கியத்தைச் சர்வருக்குச் சொல்லும் மென்பொருளின், புதிய பதிப்பை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் கணினிகளைப் போட்டதும் அது நிறுவிக்கொண்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. தொடங்கிய அந்த அரை நிமிடத்தில் ஆன்டிவைரஸின் நிலை என்ன என்று ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்று சர்வருக்குச் சொல்லியிருக்கிறது. எங்கள் பாலிசியில் 'தெரியவில்லை' என்றாலும் 'இல்லை' என்றாலும் ஒன்றுதான். சர்வர் உடனே ஸ்விட்சுக்குச் சொல்லி, அவற்றின் கேபிள் செருகியிருக்கும் பதினாலு போர்ட்டையும் ஒதுக்குப்புற வி-லானுக்குத் தள்ளிவிட்டது.

அதோடு போயிருந்தாலும் இரண்டு நிமிடத்தில் சரியாகியிருக்கும். ஆனால் அந்த வி-லானிலிருந்து ஆன்டிவைரஸ் சர்வரை எட்ட வழியில்லை. ஆன்டிவைரஸ் நன்றாக இருக்கிறது என்று ஏஜென்ட் நிரூபித்தால்தான் வெளியே விடுவோம். நிரூபிக்க அந்த சர்வரோடு பேச வேண்டும். பேச வேண்டுமென்றால் வெளியே வர வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை. கடைசியில் ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டாகப் போய் சோதனையைக் கையால் எடுத்துவிட்டேன். மொத்தம் 47 நிமிடம். அதுவரை அக்காவும் மற்றவர்களும் பழைய ரசீதுப் புத்தகத்தைத் தேடியெடுத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒரு தாத்தா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை என்னைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். பில்லிங் ஏன் 'நிர்வாகம்' குழுவில் இருந்தது? ஏனென்றால் மருத்துவமனையின் துறைப் பட்டியலில் அது நிர்வாகத்தின் கீழ் வருகிறது. கணினிகளையும் ஆட்களையும் பட்டியலிட்டு வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் யாரோ எப்போதோ அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள். ஏஜென்ட் மென்பொருள் வாங்கியபோது அந்தப் பட்டியலை அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி இருந்தது. இழுத்துக்கொண்டோம். அதனால் மனிதவள அலுவலகத்தில் இருக்கும் கணினியும் ஓபி வாசலில் ஐந்நூறு பேருக்குச் சீட்டுப் போடும் கணினியும் ஒரே குழு, ஒரே நாளில் அப்டேட், ஒரே விதி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்குக்குள் வருவது யார் என்று வாசலிலேயே சோதிக்க 802.1எக்ஸ் என்று ஒரு தரம் இருக்கிறது. முதலில் 2001-ல் வந்தது. இதில் மூன்று பேர். உள்ளே வர விரும்பும் கணினி, வாசலில் நிற்கும் ஸ்விட்ச் அல்லது வைஃபை பெட்டி, முடிவு சொல்லும் ரேடியஸ் சர்வர். ஸ்விட்ச் தானாக எதையும் முடிவு செய்யாது. கணினி காட்டும் சான்றிதழையோ பாஸ்வேர்டையோ வாங்கி சர்வருக்கு அனுப்பும். சர்வர் 'விடு' என்று சொல்லும்போது, 'இந்த வி-லானில் விடு' என்றும் சேர்த்துச் சொல்லலாம். குழுக்களின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கணினிக்குள் இருந்து பேசுவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸிலேயே அது உண்டு. அதற்கு மேல், கணினியின் ஆரோக்கியத்தைப் பார்த்துச் சொல்ல நாம் நிறுவுவதுதான் ஏஜென்ட். ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, பேட்ச் போட்டிருக்கிறதா, டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். உள்ளே விட்ட பிறகு ஏதாவது மாறினால், சர்வரே ஸ்விட்சைக் கூப்பிட்டு முடிவை மாற்றச் சொல்லும். எங்கள் பில்லிங்கை அடித்தது இந்தக் கடைசி வசதி.

அடுத்த பதினொரு நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கட்டடம் முழுக்க நடந்தேன். ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் நின்று அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "இது ஒரு மணி நேரம் நெட் இல்லாமல் நின்றால் யாருக்கு முதலில் அடி விழும்?" எந்தத் துறை, என்ன பதவி என்று கேட்கவில்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாத பதில்கள் வந்தன. ஸ்டோரில் சாமான் கணக்கு பார்ப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய கணினியில்தான் மருந்துக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலைப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் தடுப்பூசிப் பெட்டியில் சூடு ஏறினாலும் யாருக்கும் தகவல் போகாது. இயக்குநர் அறையில் இருக்கும் நல்ல புதுக் கணினியோ, ஒரு நாள் நெட் இல்லாமல் கிடந்தாலும் எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகாது. என் பழைய பட்டியலில் இயக்குநர் அறைக்குத் தனிக் குழுவும் தனிக் கவனிப்பும் இருந்தது. ஸ்டோர் கணினி 'மற்றவை' என்பதில் கிடந்தது.

அந்த நோட்டை வைத்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி பிரித்தேன். நின்றால் நோயாளிக்கு நேராக அடி விழுகிறவை ஒரு குழு: ஐசியு, அவசரப் பிரிவு, அறுவை அரங்கு, குளிர்பெட்டிக் கணினி. நின்றால் வரிசை நிற்கிறவை அடுத்தது: பில்லிங், பார்மசி, லேப் மாதிரி வாங்குமிடம். நின்றால் ஒருவருடைய வேலை மட்டும் நிற்கிறவை மூன்றாவது: கணக்கு, மனிதவளம், அலுவலக அறைகள். ஏஜென்ட் நிறுவவே முடியாத சாமான்கள் தனி. நாம் வாங்காத, நம் கட்டுப்பாட்டில் இல்லாத கருவிகள் தனி. இந்த ஐந்துக்கு மேல் குழு வேண்டாம் என்பதில் இன்றைக்கும் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு காலத்தில் 38 குழு வைத்திருந்தோம். இரவுப் பணியில் இருக்கும் தம்பிக்கு, கெட்டுப்போன கணினி எந்தக் குழுவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகும்.

பெயரையும் மாற்றினோம். எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு வைத்திருந்ததை எடுத்துவிட்டு, 'வரிசை நிற்கும், பகலில் தொடாதே' என்கிற மாதிரி வெளிப்படையான பெயர் வைத்தோம். அதிகாலை மூன்று மணிக்குத் திரையைப் பார்க்கிறவனுக்கு அந்தப் பெயரே பாதி அறிவுரை.

வார்டு கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கணினிக்குக் குழு வைப்பதா, ஆளுக்குக் குழு வைப்பதா என்பதில் தெளிவில்லாமல் இருந்தேன். விண்டோஸில் இரண்டும் முடியும். யாரும் லாகின் செய்யாதபோது கணினி தன் பெயரில் உள்ளே வரும். ஒருவர் லாகின் செய்ததும் அவர் பெயரில் மறுபடி நிரூபிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது: டாக்டர் உட்கார்ந்தால் டாக்டருடைய வி-லான், சிஸ்டர் உட்கார்ந்தால் சிஸ்டருடைய வி-லான். வார்டில் ஒரே கணினியை ஒரு ஷிஃப்டில் ஐந்தாறு பேர் தொடுவார்கள். ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் வி-லான் மாறியது. வி-லான் மாறினால் ஐபி மாறும். ஐபி மாறினால் எங்கள் மருத்துவமனை மென்பொருள் அதுவரை இருந்த தொடர்பை அறுத்துவிடும். ஒரு சிஸ்டர் மருந்துக் குறிப்பைப் பாதி அடித்துவிட்டு எழுந்துபோக, டாக்டர் உட்கார்ந்து லாகின் செய்ய, அந்தப் பாதி போய்விடும். இரண்டு மாதம் அவர்கள் இதை மென்பொருள் கோளாறு என்றே நினைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் புகார்கூட வரவில்லை. நோட்டோடு போய் நின்றபோதுதான் ஒரு சீனியர் சிஸ்டர் சொன்னார்: "தம்பி, நாங்க இப்பல்லாம் முதல்ல பேப்பர்ல எழுதிட்டுத்தான் அடிக்கிறோம்." அந்த வாரமே வார்டுகளில் ஆள் சோதனையை நெட்வொர்க் வாசலிலிருந்து எடுத்துவிட்டேன். பலரும் தொடுகிற கணினி, கணினியின் பெயரில் மட்டும் உள்ளே வரும். யார் எதைப் பார்க்கலாம் என்பதை மருத்துவமனை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒருவர் மட்டும் வைத்திருக்கும் லேப்டாப்புக்கு ஆள் சோதனை இன்னும் உண்டு.

ஏஜென்ட் நிறுவ முடியாத சாமான்களுக்கு வருகிறேன். பிரின்டருக்குச் சான்றிதழ் காட்டத் தெரியாது. அப்படிப்பட்டவற்றை மேக் முகவரியை, அதாவது தயாரித்தவர்களே ஒவ்வொரு சாமானுக்கும் போட்டு அனுப்பும் நெட்வொர்க் எண்ணை, வைத்து உள்ளே விடுவோம். ஸ்விட்ச் முதலில் 802.1எக்ஸ் பேசிப் பார்க்கும், பதில் வராவிட்டால்தான் மேக் முகவரிக்கு வரும். பிரபலமான பல ஸ்விட்சுகளில், நாம் ஒன்றும் மாற்றாவிட்டால், 30 விநாடிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை கூப்பிட்டுப் பார்க்கும். ஆக ஒன்றரை நிமிடம். அதற்குள் லேபில் இருந்த பார்கோடு பிரின்டர் ஐபி கேட்டுக் கேட்டுச் சலித்து, தனக்குத் தானே ஒரு உதவாத முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். லேப் பையன் அதை அணைத்துப் போடுவான், மறுபடி அதே ஒன்றரை நிமிடம். இந்தக் குழு இருக்கும் போர்ட்டுகளில் மட்டும் 30-ஐ 10 ஆகக் குறைத்தேன். பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஆனால் மேக் முகவரியை நம்பி ஒருவரை உள்ளே விடுவது, பனியனில் எழுதியிருக்கும் பெயரை நம்பி விடுவது மாதிரி. பிரின்டரின் பின்னால் ஸ்டிக்கரிலேயே முகவரி அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ள யாருக்கும் ஐந்து நிமிடம் போதும். அதனால் இந்தக் குழுவுக்குக் கிடைக்கும் வி-லானை மிகவும் குறுக்கினேன். பிரின்டர் என்றால் பிரின்ட் சர்வரோடு மட்டும். கேமரா என்றால் பதிவுப் பெட்டியோடு மட்டும். யாராவது வேஷம் போட்டு வந்தாலும் பிரின்ட் சர்வரைத் தாண்டிப் போக முடியாது. இதைச் செய்யாமல் மேக் பட்டியல் மட்டும் வைத்திருக்கும் இடங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. போன்களுக்கு இந்த வழி சரிப்படாது. ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் வைஃபையில் போன்கள் மாற்று மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன.

சி.டி. ஸ்கேன் அறைக் கணினி இன்னொரு ரகம். அது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை 2020 ஜனவரி 14-ஓடு நிறுத்திவிட்டது. ஆனால் ஸ்கேன் இயந்திரத்தோடு வந்த கணினி அது. அதில் வேறு எதை நிறுவினாலும் பராமரிப்பு ஒப்பந்தம் செல்லாது. பயோமெடிக்கல் அண்ணன் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "அதுல ஒண்ணும் ஏத்தாத தம்பி, நாளைக்கு ஸ்கேன் நின்னா அவன் கைய விரிச்சுருவான்." சரி என்று ஏஜென்ட்டை விட்டுவிட்டு, அதைப் படங்கள் சேமிக்கும் சர்வரோடு மட்டும் பேசும்படி அடைத்தோம். ஏஜென்ட்டால் பார்க்க முடியாததை ஸ்விட்சில் சுவர் கட்டித்தான் காக்க வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் நடுவில் நடந்த ஒன்றை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். எங்களிடம் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் பழைய கட்டடத்தின் மூன்றாவது வார்டில் அன்று மாற்று இணைப்பில் ஏதோ கோளாறு. மதியம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் வார்டில் இருந்த நான்கு கணினிகளில் ஒன்று மட்டும் நெட் வரவில்லை. சர்வரில் பார்த்தால் 'மறுக்கப்பட்டது' என்றுகூட இல்லை. 'கணினி பாதியில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது' என்று மட்டும் இருந்தது. கேபிள் மாற்றினேன். போர்ட் மாற்றினேன். ஏஜென்ட்டை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற சிஸ்டர், "தம்பி, இதுல தேதி ஏன் 2009-ன்னு காட்டுது?" என்றார்.

திரையின் வலது மூலையில், சின்ன எழுத்தில், 01-01-2009. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் இருந்தவரை கடிகாரம் ஓடியது. கரண்ட் போனதும் கணினி பிறந்த தேதிக்கே போய்விட்டது. எங்கள் ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் 2023-லிருந்துதான் செல்லும். 2009-ல் இருக்கும் கணினியின் கண்ணுக்கு அது இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழ். போலி சர்வர் என்று நினைத்து, பாதியில் பேச்சை நிறுத்திவிட்டது. அதன்மேல் தப்பே இல்லை, சரியாகத்தான் நடந்துகொண்டது. நேரத்தைத் திருத்திக்கொள்ள நேர சர்வரோடு பேச வேண்டும். பேச நெட் வேண்டும். நெட்டுக்குச் சரியான நேரம் வேண்டும். பில்லிங்கில் பார்த்த அதே வட்டம், வேறு வேஷத்தில்.

கையால் தேதியைத் திருத்தியதும் பத்து விநாடியில் உள்ளே வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் அந்த பேட்டரி ஒன்று முப்பது நாற்பது ரூபாய்தான். மறுநாள் ஒரு அட்டை நிறைய வாங்கிவந்து, ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட எல்லாக் கணினியிலும் மாற்றினோம். அதைவிட முக்கியம், சோதனையில் தோற்ற கணினிகள் போய் விழும் வி-லானைத் திருத்தியது. முன்பு அது முழுச் சுவர். இப்போது அதில் மூன்றே மூன்று துளை: நேர சர்வர், லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், ஆன்டிவைரஸ் சர்வர். கெட்டுப்போனது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தேவையான அளவுக்கு மட்டும். இந்திய அரசின் கணினி அவசரப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவிலும் கடிகாரத்தைப் பற்றி இருக்கிறது. எல்லா சிஸ்டங்களின் நேரமும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதை முதலில் படித்தபோது தணிக்கைக்காகச் சொன்ன விஷயம் என்று நினைத்தேன். கடிகாரம் தப்பினால் வாசலே திறக்காது என்பது மூன்றாவது வார்டில்தான் புரிந்தது.

மூன்றாவது ஒரு வட்டமும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுவார்கள் என்று நினைக்கிறேன். விண்டோஸில் கேபிள் வழி 802.1எக்ஸ் பேச 'வயர்டு ஆட்டோகான்ஃபிக்' என்ற சர்வீஸ் ஓட வேண்டும். தானாக ஓடாது. எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து கட்டளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாக அதை ஓடச் சொல்வோம். அந்தக் கட்டளை ஒரு கணினிக்குப் போய்ச் சேருமுன் ஸ்விட்ச் போர்ட்டில் சோதனையைப் போட்டுவிட்டால், கணினிக்கு நெட் கிடையாது. நெட் இல்லாததால் கட்டளையும் போய்ச் சேராது. ஆகவே முதலில் கட்டளை, அப்புறம் ஒவ்வொரு கணினியிலும் சர்வீஸ் ஓடுகிறதா என்று ஒரு பட்டியல், அப்புறம்தான் போர்ட். நீண்ட விடுப்பில் இருக்கிறவருடைய லேப்டாப் எப்போதும் இந்தப் பட்டியலில் விட்டுப்போகும். அவர் திரும்பிவரும் நாளை மனிதவளத்திடம் கேட்டு வைத்துக்கொள்வேன்.

போர்ட்டில் சோதனையைப் போடுவதிலும் படி உண்டு. எடுத்தவுடன் தடுக்கக் கூடாது. முதல் இரண்டு மாதம் யார் தோற்றாலும் உள்ளே விட்டுவிட்டு, தோற்றதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவைத் தினமும் படிக்க வேண்டும். எங்களுக்கு முதல் நாள் 640-ல் 112 தோற்றது. தடுத்திருந்தால் மருத்துவமனை நின்றிருக்கும். அந்த 112-ஐ ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ச் சரிசெய்தோம். பத்துக்குக் கீழே வந்த பிறகுதான் மூன்றாவது குழுவில், அதாவது அலுவலக அறைகளில், தடுக்கத் தொடங்கினோம்.

ஏஜென்ட் அப்டேட்டைக் குழுவாக அனுப்புவதில் நான் செய்த இன்னொரு தப்பு, முதல் சோதனைக் குழுவாக எங்கள் ஐடி அறையையே வைத்தது. எங்கள் கணினிகள் புதியவை, சுத்தமானவை, எல்லா பேட்ச்சும் போட்டவை. அங்கே ஓடினால் எங்கும் ஓடும் என்பதற்கு அர்த்தமே இல்லை. இப்போது சோதனைக் குழுவில் 24 கணினிகள். ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒவ்வொரு வகைக்கு ஒன்று. மிகப் பழையது ஒன்று, நினைவகம் குறைந்தது ஒன்று, இரவு பகல் அணைக்காத வார்டு கணினி ஒன்று, பில்லிங்கில் எட்டாம் நம்பர் கவுன்டர். எட்டாம் கவுன்டர் நின்றால் மற்ற பதிமூன்றும் ஓடும், அதனால் அது. அந்தக் கவுன்டர் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, ஏதாவது வித்தியாசமாக இருந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கண்காணிப்பு மென்பொருளையும்விட அவர் வேகமாகச் சொல்கிறார். புதிய விண்டோஸ் 11 கணினி ஒன்றும் அந்தக் குழுவில் கட்டாயம் வேண்டும். 22எச்2 பதிப்பிலிருந்து என்டர்பிரைஸ் வகையில், பாஸ்வேர்டு விவரங்களைப் பூட்டிக் காக்கும் கிரெடென்ஷியல் கார்டு (Credential Guard) தானாகவே இயங்குகிறது. அது வந்ததும், லாகின் பாஸ்வேர்டை அப்படியே நெட்வொர்க்குக்கும் கொடுக்கும் பழைய எம்எஸ்சாப் முறை வேலை செய்யாது. சோதனைக் குழுவில் அப்படி ஒன்று இருந்ததால்தான் எங்களுக்கு அது முன்னாலேயே தெரிந்தது. சான்றிதழ் முறைக்கு மாற அவகாசமும் கிடைத்தது.

அந்த 24-க்கு ஒரு வாரம். அதில் ஒரு ஞாயிறு இரவும் ஒரு திங்கள் காலையும் கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு அலுவலகக் குழு. பிறகு வரிசைக் குழு, அதுவும் மதியம் மூன்று மணிக்கு, ஓபி கூட்டம் குறைந்து நாங்கள் எல்லோரும் பணியில் இருக்கும் நேரத்தில். முன்பு இரவில் அனுப்புவேன், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன். உடைந்தால் உடனே பார்க்கக் கையாட்கள் இருக்கும் நேரம்தான் பாதுகாப்பான நேரம். ஐசியு குழு எல்லாவற்றுக்கும் கடைசி, ஒரு நாளைக்கு நான்கு கணினி, பக்கத்தில் நின்றுகொண்டு.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு அப்டேட்டில் இருந்த பிழையால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரைக்குப் போனதே. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். விமான நிலையம், வங்கி, மருத்துவமனை எல்லாம் நின்றன. அதில் என் தொழிலில் இருக்கிறவர்கள் உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பலர் ஏஜென்ட்டின் பதிப்பை ஒரு படி பின்னால் வைத்திருந்தார்கள், குழுவாகத்தான் ஏற்றினார்கள். ஆனால் அன்று வந்தது பதிப்பு இல்லை, எதைத் தேட வேண்டும் என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் உள்ளடக்கக் கோப்பு. அது இந்தக் குழு வரிசைக்குக் கட்டுப்படாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. அதைப் படித்ததும் எங்கள் ஏஜென்ட்டின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எங்களுடையதிலும் பதிப்புக்குத்தான் குழு இருந்தது. சோதனை விதிகள் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு எல்லாக் குழுவுக்கும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. விற்றவர்களிடம் கேட்டு அதையும் குழுவாகப் பிரித்தோம். உங்களிடமும் ஏஜென்ட் இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்: பதிப்பு, விதி, பட்டியல் கோப்பு என்று எத்தனை வகை அப்டேட் அதற்கு வருகிறது, அதில் எத்தனை உங்கள் குழுக்களுக்குக் கட்டுப்படுகிறது என்று.

சர்வரே பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் குழுவாரியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐசியு குழுவின் போர்ட்டுகளில், இரண்டு ரேடியஸ் சர்வரும் விழுந்துவிட்டால் கதவு திறந்தே இருக்கும். கணக்குப் பிரிவில் மூடிக்கொள்ளும். இதைப் பற்றி எனக்கும் தணிக்கைக்கு வந்தவருக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. எல்லா இடத்திலும் மூட வேண்டும் என்றார் அவர். நான் அவரை ஐசியுவுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மானிட்டரின் எண்கள் நெட்வொர்க் வழியாகத்தான் சிஸ்டர் மேசைத் திரைக்கு வருகின்றன. ஒப்புக்கொண்டார். ஆனால் யார், எப்போது, ஏன் இப்படி முடிவு செய்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொன்னார். அது நல்ல யோசனை, செய்தோம். மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டிருக்கிறார்.

இப்போதும் எனக்குத் தலைவலி தருவது விதிவிலக்குகள்தான். 'இப்போதைக்கு மட்டும் இதை விட்டுவிடுங்கள்' என்று ஒரு போன் வரும். நியாயமான காரணமும் இருக்கும். சோதனை இல்லாத குழுவில் போட்டுவிடுவோம். ஒரு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் அந்தக் குழுவில் 9 இருந்தது 71 ஆகியிருந்தது. அதில் பாதிக்குக் காரணம் யாருக்கும் நினைவில்லை. இரண்டு கணினிகள் மருத்துவமனையிலேயே இல்லை. இப்போது ஒவ்வொரு விதிவிலக்கிலும் கேட்டவர் பெயரும் முடிகிற தேதியும் எழுதாமல் போட முடியாது. அதிகபட்சம் 30 நாள். முடிவதற்கு மூன்று நாள் முன்னால் கேட்டவருக்கே அஞ்சல் போகும். பெரும்பாலும் 'தேவையில்லை, எடுத்துவிடுங்கள்' என்றுதான் பதில் வருகிறது.

டாக்டர்களின் சொந்த லேப்டாப்பில் ஏஜென்ட் போடச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதில்லை. வீட்டுக் கணினியில் என்ன இருக்கிறது என்று மருத்துவமனை பார்ப்பதை அவர்கள் விரும்பவில்லை, அது அவர்கள் உரிமை. அதற்குத் தனி வைஃபை. அதிலிருந்து இணையம் உண்டு, நோயாளி விவரங்களுக்கு வழி இல்லை. வேண்டுமென்றால் மருத்துவமனை லேப்டாப் தருகிறோம்.

அடுத்த மாதம் புதிய பிரசவப் பிரிவு திறக்கிறார்கள். 120 போர்ட். எந்தத் துறைக்கு எத்தனை என்று கட்டட ஒப்பந்ததாரர் ஒரு தாள் கொடுத்தார். அதை வைத்துவிட்டு, என் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகப்போகும் சீனியர் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். பேப்பரில் எழுதிவிட்டுத்தான் அடிக்கிறோம் என்று சொன்ன அதே சிஸ்டர்தான். பச்சிளம் குழந்தைகள் அறையில் எந்தக் கணினி நின்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் வரப்போகும் ஒன்றைச் சொன்னார். குழந்தைகளின் கைப்பட்டைக்கும் அம்மாவின் கைப்பட்டைக்கும் ஒரே எண் அச்சடிக்கும் கணினி. ஒப்பந்ததாரரின் தாளில் அது 'வரவேற்பறை' என்று இருந்தது. நோட்டில் முதல் குழுவில் எழுதிக்கொண்டேன்.